எங்கட வருடாந்தக் கோல்ஃப் பயணம்: ஊரிலை எல்லாரும் கேக்கிற கேள்வியளும் என்ரை பதிலும்

ஒவ்வொரு வருஷமும் பங்குனியிலை நாங்கள் எட்டுப் பேர், எல்லாரும் யாழ்ப்பாணத்திலை படிச்ச ஒரே வயசுக்காரர், அஞ்சாறு நாள் கோல்ஃப் விளையாடப் போறனாங்கள். போய் வந்தவுடனை கலியாண வீட்டிலை, கோயில் வீதியிலை, சலூனிலை எண்டு எங்கை கண்டாலும் சனம் ஒரே கேள்வியளைத்தான் கேக்குது, அதாலை எல்லாத்தையும் ஒரு இடத்திலை எழுதி வைக்கிறன்.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்குக் கோல்ஃப் எங்கையிருந்து வந்தது?

எங்களுக்கு வந்தது லண்டனிலையிருந்து. 80களிலை ஏஎல் எடுத்த கையோடை எங்கட வகுப்புப் பெடியள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போட்டாங்கள், லண்டன் போனவன் அங்கை வேலை இடத்து ஆக்களோடை பழகி இதைப் பிடிச்சிட்டான். 2013இலை ஊருக்கு வரேக்கை தன்ரை பழைய மட்டை செற் ஒண்டையும் கொண்டந்து, மச்சான் நுவரெலியாவுக்குப் போவம் வா எண்டு நிண்டான். நான் அதுக்கு முதல் கோல்ஃப் மட்டையைக் கையாலை தொட்டதும் இல்லை. அந்த முதல் நாளிலை ஒரே ஒரு அடி சரியாப் பட்டுது, பந்து எழும்பிப் போய் அந்தப் பெரிய மரங்களுக்கு நடுவிலை விழுந்தது, பட்ட சத்தம் இப்பவும் காதிலை கிடக்கு. அண்டைக்குப் பிடிச்ச பைத்தியம்தான். 2021 ஒரு வருஷம்தான் விட்டது, மிச்சம் எல்லா வருஷமும் போயிருக்கிறம்.

ஏன் எப்பவும் பங்குனியிலை?

பிக் மட்ச்தான் காரணம். யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் 1904இலையிருந்து விளையாடுற வடக்கின் பெரும் போர் எண்ட கிரிக்கெட் மட்ச் பங்குனியிலைதான் வாறது, அதுக்கெண்டு கனடா, லண்டன், ஒஸ்லோ எண்டு எங்கையிருந்தாலும் பழைய மாணவர் வருவினம். எங்களிலை நாலு பேர் சென்றல் (மத்திய கல்லூரி), நாலு பேர் சென் ஜோன்ஸ். மட்ச் முடிஞ்ச அடுத்த நாள் விடியக் காலமை வான் வெளிக்கிடும், கிரிக்கெட்டிலை யார் வெண்டாலும் கோல்ஃபிலை நாங்கள் பிறம்பா அடிபடுவம்.

இன்னொண்டு, மலைநாட்டிலை தை, மாசி, பங்குனிதான் மழை குறைஞ்ச காலம். ஆடி ஆவணியிலை நல்லூர்த் திருவிழாவுக்கு வாற ஆக்கள் அப்பிடியே நுவரெலியாவிலை விளையாடலாமோ எண்டு கேக்கினம். போகலாம், ஆனா அது தென்மேல் பருவக்காத்துக் காலம், தூறலும் புகாரும்தான். பந்து எங்கை விழுந்தது எண்டே தெரியாது. அந்த நேரம் திருகோணமலைப் பக்கம் போங்கோ, அங்கை அப்ப வெய்யில் காலம்.

எட்டுப் பேரும் ஒரே மாதிரி விளையாடுவீங்களோ? இல்லாட்டி என்னெண்டு போட்டி வைக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ஆறுதலா இருந்து பதில் சொல்ல ஆசை, ஏனெண்டால் கோல்ஃபிலை என்னைப் பிடிச்சு வச்சிருக்கிறதே இதுதான்.

கிரிக்கெட்டிலை கெட்டிக்காரன் போட்டால் மற்றவன் அவுட், அவ்வளவுதான். கோல்ஃபிலை ஹண்டிகப் எண்டு ஒண்டு இருக்கு. நீங்கள் வழமையா எவ்வளவு அடியிலை முடிக்கிறனீங்கள் எண்டு பாத்து, உங்களுக்கு இத்தினை அடி சலுகை எண்டு ஒரு எண் தருவினம், 2020இலையிருந்து அதுக்கு உலகம் முழுக்க ஒரே முறைதான். லண்டன்காரனுக்கு 9, எனக்கு 24. கோர்ஸிலை பந்தைப் போடவேண்டிய குழி 18, அதைத்தான் ஹோல் எண்டிறது. எனக்கு 24 எண்டால் 18 ஹோலுக்கும் ஹோலுக்கு ஒரு அடி, மிச்சம் ஆறு அடி ஆகக் கஷ்டமான ஆறு ஹோலுக்கு. அப்ப ஒரு கஷ்டமான பார் 4 ஹோலிலை, அதாவது நாலு அடியிலை முடிக்கவேண்டிய ஹோலிலை, நான் ஆறு அடியிலை முடிச்சால், ரெண்டு அடி சலுகை போக நாலு எண்டு கணக்கு.

பொயின்ற் போடுறது ஸ்டேபிள்ஃபோர்ட் முறையிலை. ஃப்ராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் எண்ட இங்கிலாந்து டொக்டர் ஒருத்தர் வகுத்தது, 1932இலை வொலஸி கிளப்பிலை போட்டிக்குப் பாவிச்சது. சலுகை கழிச்சுப் பாரிலை முடிச்சால் 2 பொயின்ற், ஒரு அடி கூடினால் 1, ஒரு அடி குறைஞ்சால் 3, ரெண்டு குறைஞ்சால் 4. இதிலை பெரிய நன்மை என்னெண்டால் ஒரு ஹோலிலை பத்து அடி போனாலும் உங்களுக்கு அந்த ஹோல் மட்டும்தான் பூச்சியம், பந்தைப் பொக்கற்றிலை போட்டிட்டு அடுத்ததுக்குப் போகலாம், நாள் பாழாப் போகாது. 18 ஹோலும் ஒருக்கா விளையாடி முடிக்கிறது ஒரு ரவுண்ட். எங்கட போட்டியிலை ஒவ்வொரு ரவுண்டிலையும் ஒரு பள்ளிக்கூடத்தின்ரை நாலு பேரிலை நல்ல மூண்டு பேரின்ரை பொயின்ற்தான் சேரும், மூண்டு ரவுண்டையும் கூட்டி வெண்டவைக்கு ஒரு பித்தளைச் செம்பு. அது என்ரை அம்மம்மாவின்ரை செம்பு. வெண்ட பக்கத்தையும் வருஷத்தையும் அதின்ரை அடியிலை ஆணியாலை கீறி வைக்கிறனாங்கள், இப்ப ஆறுக்கு ஆறு.

2021 கடைசியிலை எங்களிலை ஒருத்தனுக்கு, சென் ஜோன்ஸ் பக்கம், பாரிசவாதம் வந்து இடது கை வலுக் குறைஞ்சு போச்சு. முந்தி அவனுக்கு ஹண்டிகப் 12. திரும்ப நடக்கத் தொடங்கின உடனை போன் எடுத்து, நான் இனி வானிலை வந்து ஸ்கோர் மட்டும் எழுதுறன் எண்டான். ஹண்டிகப் ஒரு வருஷத்துக்கை அஞ்சுக்கு மேலை ஏற விடாத கட்டுப்பாடு ஒண்டு முறையிலை இருக்கு, ஆனா வருத்தம், காயம் எண்டால் கமிட்டி அதை மாத்தலாம் எண்டும் இருக்கு. எங்கட கமிட்டி நாங்கள் எட்டுப் பேர்தானே. அவன் அடிக்கிறதைப் பாத்து 31 எண்டு போட்டம். 2023இலை நுவரெலியாவிலை கடைசி ரவுண்ட், கடைசி ஹோல், மூண்டடி தூரத்திலை ஒரு பற், பந்தைக் குழிக்குள்ளை உருட்டிவிடுற அடி, அது விழுந்தால் அவங்களுக்குச் செம்பு. நான் எதிர்ப்பக்கம், குழியைச் சுத்தின கட்டைப் புல் கிரீனுக்கு வெளியிலை நிண்டு பாக்கிறன், அவன்ரை இடது கை பற்றர் மட்டையிலை சும்மா தொட்டபடி கிடக்குது, வலது கைதான் எல்லாம் செய்யுது, பந்து மெல்லமா உருண்டு விளிம்பிலை ஒருக்கா நிண்டு உள்ளுக்கை விழுந்தது. 36 பொயின்ற். ஒருதரும் அவனுக்கு விட்டுக் குடுக்கேல்லை, அவன் விளையாடி வெண்டவன். வேறை எந்த விளையாட்டிலை அறுபதுக்குக் கிட்ட வந்த ஆக்கள், ஒருத்தனுக்கு ஒரு கை ஏலாமல் இருக்கேக்கை, உண்மையா எதிர்த்து நிண்டு விளையாடலாம் சொல்லுங்கோ?

என்னெண்டு போறனீங்கள்?

வானிலைதான், காலமை நாலு மணிக்கு. ஏ9 றோட்டாலை ஆனையிறவு தாண்டி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டு, வவுனியாவிலை தேத்தண்ணி, பிறகு தம்புள்ளை, மாத்தளை, கண்டி. யாழ்ப்பாணத்திலையிருந்து கண்டிக்கு முன்னூற்றிருபது கிலோமீற்றருக்குக் கிட்ட. இந்த றோட்டு 2009இலை திரும்பத் திறக்கிறதுக்கு முதல் இப்பிடி ஒரு பயணத்தை நாங்கள் கனவிலையும் நினைக்கேல்லை, இப்பவும் ஆனையிறவு தாண்டேக்கை வானுக்குள்ளை கொஞ்ச நேரம் ஒருதரும் கதைக்கமாட்டினம்.

2022 பங்குனியிலை டீசல் இல்லை, செற்றெல்லாம் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலை போனம். கண்டக்ரர் தம்பி முன் சீற்றுக்குப் பின்னாலை எட்டுப் பையையும் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டித் தந்தார். அவருக்கு இப்பவும் நன்றி சொல்லுறன்.

நீங்கள் விளையாடின கோர்ஸுகளிலை ஆகத் திறம் எது?

எனக்கு நுவரெலியா. மற்றவங்கள் சண்டைக்கு வருவாங்கள், வரட்டும்.

1889இலை தொடங்கின கிளப், கோர்ஸ் முழுக்கப் பார் 70. ரவுணுக்கு நடுவிலையே கிடக்குது, கிராண்ட் ஹோட்டலிலையிருந்து நடந்து வரலாம். இப்பத்தைய கோர்ஸுகளைப் பாத்தால் நீளம் குறைவு, ஆனா குறைவு எண்டு நினைச்சு ஆகத் தூரம் அடிக்கிற ட்ரைவர் மட்டையை எடுத்து வீசினீங்களோ துலைஞ்சீங்கள், ரெண்டு பக்கமும் மரம், நடுவிலை ஒழுங்கை மாதிரி ஒடுக்கமான ஃபெயார்வே, பந்து விழவேண்டிய வெட்டின புல். அடிச்சது நேர் இல்லையெண்டால் பந்து மரத்திலை பட்டு எங்கை போகும் எண்டு சொல்லேலாது. நான் அங்கை அரைவாசி ஹோலுக்கு ட்ரைவரைப் பையை விட்டே எடுக்கிறேல்லை, தூரம் குறைஞ்ச 5 ஐயன் மட்டைதான்.

இன்னொரு விசயம் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர், காத்து ஐது, அதாலை பந்து கூடத் தூரம் போகும். ஊரிலை எனக்கு 130 யார்ட் போற 7 ஐயன் அங்கை மத்தியானத்திலை 140க்குக் கிட்டப் போகுது, ஆனா விடியக் குளிருக்கை அந்த லாபம் கிடையாது, குளிர்ந்த பந்து ஓடாது. உதைத் தெரியாமல் முதல் ரெண்டு வருஷமும் மத்தியானத்துக்குப் பிறகு எல்லாப் பந்தையும் கிரீனுக்கு அங்காலை அடிச்சிருக்கிறன்.

ஆனா இடத்தை விட அங்கத்தைய கெடிமார்தான் எனக்கு. பை தூக்கிக்கொண்டு கூட வாற ஆக்கள், கனபேர் மலையகத் தமிழர், தேப்பன் பேரன் எண்டு இதே கோர்ஸிலை நடந்தவை. எனக்கு வழமையா வாறவர் அறுபதைத் தாண்டினவர், மட்டையை நான் கேக்க முதலே எடுத்து நீட்டிக்கொண்டு நிப்பார், நான் வேறை கேட்டால் ஒண்டும் சொல்லாமல் தருவார், அடிச்ச பிறகு பந்து குறைய விழுந்தோடனை தான் முதல் எடுத்த மட்டையைத் திரும்பப் பைக்குள்ளை வைப்பார். ஒருக்கா கிரீனிலை நான் இடது பக்கம் சரிவு எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன், அவர் குந்தி இருந்து பாத்திட்டு, "ஐயா, கண்ணு அப்படித்தான் சொல்லும், ஆனா பந்து மலைய விட்டு அந்தப் பக்கமாத்தாங்க போவும்" எண்டு கொடிக் கம்பின்ரை நுனியாலை ஒரு இடத்தைக் காட்டினார். பாத்தால் எனக்கு அது ஏத்தம். அவர் சொன்ன இடத்துக்கு அடிச்சன், பந்து ஏத்தம் மாதிரித் தெரிஞ்ச பக்கமா வளைஞ்சு போய் விழுந்தது. பீதுருதலாகலை மலை எந்தப் பக்கம் நிக்குது எண்டு பாத்துப் போட்டுத்தான் இப்ப நான் பற் அடிக்கிறனான்.

அவையின்ரை தமிழும் எங்கட தமிழும் கலந்து நாலு மணித்தியாலம் கதைச்சுக்கொண்டு நடக்கிறது ஒரு தனிச் சந்தோசம். போறவை தயவுசெய்து அவைக்குக் குடுக்கிற காசிலை கை இறுக்காதேங்கோ.

மற்ற இடங்கள் எப்பிடி?

விக்ரோறியா, திகனைக்குக் கிட்ட றஜவல்லையிலை. டொனால்ட் ஸ்ரீல் வடிவமைச்சது, 1999இலை திறந்தது, பார் 73. வடிவெண்டால் இதுதான், ஒரு பக்கம் விக்ரோறியா நீர்த்தேக்கம், மற்றப் பக்கம் நக்கிள்ஸ் மலை. அகலமான இடம், பயப்பிடாமல் ட்ரைவர் அடிக்கலாம், ஆனா மேடும் பள்ளமுமா நீட்டு நடை, முழங்கால் நோ உள்ள ஆக்கள் வண்டி எடுங்கோ. லண்டன்காரனுக்கு இதுதான் முதலாம் இடம். வெய்யில் ஏற முதல் ஏழு மணிக்கு முன்னம் தொடங்குங்கோ.

றோயல் கொழும்பு 1879இலை தொடங்கின கிளப், முதல் காலிமுகத்திடலிலை விளையாடி 1896இலை பொறளைப் பக்கம் றிட்ஜ்வே லிங்ஸுக்கு மாறினது. களனிவெளி ரெயின் பாதை கோர்ஸுக்குள்ளாலை போகுது, ரெயின் வந்தால் அடிக்காமல் நிக்கவேணும். தண்ணிக் கரையிலை பெரிய உடும்பு மாதிரிக் கபரகொய்யா படுத்திருக்கும். சமதரைதான், ஆனா வேர்வை! கடைசி நாள் பிளேன் ஏறப் போறவங்களுக்கு வசதி எண்டு ரெண்டு வருஷம் அங்கை விளையாடினம்.

சீனக்குடா, திருகோணமலை. விமானப்படை நடத்துற கோர்ஸ், துறைமுகத்துத் தண்ணிக்குப் பக்கத்திலை. நிலம் எங்கட வன்னி நிலம் மாதிரி, சூடு, இறுகின தரை, பந்து விழுந்த பிறகும் உருண்டு உருண்டு ஓடும். எங்களுக்குக் கிட்ட உள்ள முழு 18 ஹோல் எண்டால் இதைத்தான் சொல்லுவன், மான் குறுக்கை நடந்தால் பொறுத்து நில்லுங்கோ. புதுசாப் பழகிற ஆக்களை முதல் இங்கைதான் கூட்டிக்கொண்டு போவன்.

அம்பாந்தோட்டை ஷங்ரிலா 2016இலை திறந்தது, கடற்காத்து பலம். ஒருக்காத்தான் போனம், நல்ல இடம், ஆனா எங்களுக்குத் தூரம்.

இது பணக்காரற்றை விளையாட்டெல்லே?

மலிவு எண்டு பொய் சொல்லமாட்டன். விளையாடுற கட்டணம், கெடி காசு, மட்டை வாடகை, தங்கிறது எண்டு வரும், இடத்துக்கிடம் வித்தியாசம், கட்டணம் மாறிக்கொண்டும் இருக்கும், போக முதல் போன் எடுத்துக் கேளுங்கோ. ஆனா புது செற் வாங்கவேணும் எண்டு நிக்காதேங்கோ. ஒரு ஆளுக்கு 14 மட்டை வரைக்கும் கொண்டு போகலாம் எண்டுதான் சட்டம், 14 வேணும் எண்டு இல்லை. நான் முதல் நாலு வருஷமும் ஏழு மட்டையோடை விளையாடினனான். ஊரிலை இருக்கிற நாங்கள் மூண்டு பேரும் மாதாமாதம் ஒரு சீட்டுப் போட்டு அந்தக் காசிலைதான் போறது. உடுப்பும் பெரிசா இல்லை, கொலர் வச்ச சேட், டெனிம் இல்லாத காற்சட்டை, அவ்வளவும் போதும்.

யாழ்ப்பாணத்திலை எங்கை பழகிறது?

இங்கை 18 ஹோல் கோர்ஸ் இல்லை. நாங்கள் பழகிறது வயலிலை. பெரும்போகம் தை மாசியிலை வெட்டி முடிய வெறும் ஒட்டுத்தான் நிக்கும், அது எங்கட பயணத்துக்குச் சரியா ஒரு மாதத்துக்கு முதல். சொந்தக்காரரைக் கேட்டு, ஆள், மாடு இல்லாத பக்கமாப் பாத்து, நாப்பது யார்ட்டிலை ஒரு பனையோலைக் கடகத்தை வச்சிட்டு அதுக்குள்ளை போடப் பழகிறம். ஒட்டுக்குள்ளை கிடக்கிற பந்தை எழுப்பப் பழகினவனுக்குக் கோர்ஸிலை நீட்டுப் புல் ஒண்டும் செய்யாது. மட்டையைச் சுத்திப் பிடிக்காமல் மேலையிருந்து கீழை இறக்கவேணும், இல்லாட்டி ஒட்டு மட்டையைப் பிடிச்சுத் திருப்பிப் போடும். பற் பழகிறது விறாந்தையிலை, சீமெந்துத் தரையிலை, தேத்தண்ணிக் கப் ஒண்டைச் சரிச்சு வச்சு. கோர்ஸிலை உள்ள குழி 108 மில்லிமீற்றர், கப்பின்ரை வாய் அதை விடச் சின்னன், கப்புக்குள்ளை போட்டுப் பழகினால் குழி கிணறு மாதிரித் தெரியும்.

பந்து துலைஞ்சால் என்ன செய்யிறது?

மூண்டு நிமிசம் தேடலாம். முந்தி அஞ்சு, 2019இலை குறைச்சது. கிடைக்காட்டி ஒரு அடி தண்டம், முதல் அடிச்ச இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்கவேணும். அதாலை துலைஞ்சிருக்கும் எண்டு சந்தேகம் வந்தவுடனை, இது ப்ரொவிஷனல் (தற்காலிகப் பந்து) எண்டு வாயாலை சொல்லிப் போட்டு இன்னொண்டு அடிச்சு வையுங்கோ. சொல்லாமல் அடிச்சால் அதுதான் உங்கட பந்து, முதல் பந்து கிடைச்சாலும் பிரயோசனம் இல்லை. எங்களிலை இதாலை கதைக்காமல் விட்ட ஆக்களும் இருக்கினம், பிறகு றம்பொடைத் தேத்தண்ணிக் கடையிலை சரியாப் போச்சு.

வெளிநாட்டிலையிருந்து செற் கொண்டு வரலாமோ?

வரலாம், கவனம். ஒரு வருஷம் ரொறொன்ரோக்காரன்ரை பை வாற வழியிலை எங்கையோ தங்கி, நாங்கள் திரும்புற நாள்தான் கொழும்புக்கு வந்தது, பாவம் வாடகை மட்டையோடை முழு வாரமும் விளையாடினான். இப்ப எல்லாரும் செய்யிறது இது: ட்ரைவரின்ரை தலையைக் கழட்டிக் கைப்பையோடை வைக்கிற சூட்கேசிலை துவாயாலை சுத்தி வைப்பினம், சப்பாத்தும் அப்பிடி, மட்டைப் பையுக்கை மட்டையளை விட நீளமா ஒரு பொல்லு நட்டு வைப்பினம், பை தலைகீழா விழுந்தால் அடி பொல்லிலைதான் படும். ஒரு நாள் முந்தியே வந்து இறங்குங்கோ.

சாப்பாடு?

முதல் நாள் கட்டுச்சோறு வீட்டிலையிருந்து. பையுக்கை பருத்தித்துறை வடை, நொருங்காமல் போத்தலிலை போட்டது, ஒன்பதாவது ஹோல் முடிய ஆளுக்கு ரெண்டு. நுவரெலியாக் குளிருக்கு இஞ்சித் தேத்தண்ணியும் பனங்கட்டிக் குட்டானும். கெடி ஐயாவுக்குப் போன வருஷம் ஒரு பெட்டி பனங்கட்டி கொண்டு போய்க் குடுத்தன், இந்த வருஷம் அவர் எனக்குத் தன்ரை வீட்டுத் தேயிலை அரைக்கிலோ தந்து விட்டார்.

பொம்பிளையள் விளையாடினமோ?

ஏன் விளையாடக் கூடாது? ரொறொன்ரோக்காரன்ரை மனுசிக்கு இப்ப அவனை விடக் குறைஞ்ச ஹண்டிகப். செம்புப் போட்டி எங்கட ரெண்டு பள்ளிக்கூடத்துக்குள்ளை எண்டதாலை அந்த எட்டுப் பேர்தான், ஆனா ரெண்டு தரம் குடும்பங்களோடை போய்த் தனி நாள் விளையாடினம். பொம்பிளைப் பிள்ளையள் பழக விரும்பினால் என்ரை செற்றைத் தாராளமாத் தாறன்.

வாற வருஷம் நானும் வரலாமோ?

செம்புப் போட்டிக்கு இடம் இல்லை, ஆனா கூட வந்து விளையாடலாம், போன வருஷமும் ரெண்டு தம்பிமார் வந்தவை. வான் காசு பங்கு, தங்கிற இடம் தைக்கு முதல் சொல்லவேணும். அதுக்கு முதல் ஒருக்காவாவது மட்டை பிடிச்சுப் பாருங்கோ. மாசி பிறந்தால் சனி ஞாயிறு பின்னேரம் அஞ்சு மணிக்கு வயலுக்கு வாங்கோ, அடி தடிச்ச சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ, ஒட்டு காலைக் குத்தும். கடகமும் பந்தும் நான் கொண்டு வாறன்.